தாத்தாவை விடுங்கள், பாட்டியின் சிவப்பு ஐசியைத் தேடுங்கள்: மலேசியாவிலிருந்து ஓசிஐ அட்டைக்குப் போகிறவர்களுக்கு

ஓசிஐ என்பது இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்கு இந்தியா கொடுக்கும் "கடல்கடந்த இந்தியக் குடிமகன்" (Overseas Citizen of India) அட்டை. அதற்கான கட்டணம் 275 அமெரிக்க டாலர். வெள்ளியில் (ரிங்கிட்டில்) எவ்வளவு என்பது நாணய மாற்றைப் பொறுத்தது. எனக்கு மொத்தத்தில் கரைந்தது 7,000 வெள்ளிக்கும் மேல், காலம் ஒன்றரை ஆண்டுக்கும் மேல். கட்டணம் போக மற்றதெல்லாம் ஒரே ஒரு காகிதத்துக்காக அலைந்த செலவு: விமான டிக்கெட், வாடகைக் கார், மொழிபெயர்ப்பு, சத்தியப் பிரமாணம், ஊரில் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போனவர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அந்தக் காகிதம் கடைசியில் கிடைத்த இடம் தமிழ்நாடு இல்லை, மலேசியாவே. எதை முதலில் தேட வேண்டும் என்ற வரிசை தெரிந்திருந்தால் கால்வாசிக் காசில் வேலை முடிந்திருக்கும்.

முதலில் சட்டம் கேட்பது என்ன என்று பார்த்துவிடலாம். 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், 7ஏ பிரிவு. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்தத் தேதியில் குடிமகனாகும் தகுதி உடையவர், இவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து, 1950-இல் மலாயாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரும் "தகுதி உடையவர்" கணக்கில் வருவார். ஆக, 1930-களில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளியின் வாரிசுக்கும் வழி உண்டு. கொள்ளுப்பேரன் வரை என்பது பொது வரம்பு. சில நாடுகளுக்கு இதைத் தளர்த்துகிறார்கள். மொரீசியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். அதனால் மலேசியாவுக்கு இன்றைக்கு எத்தனை தலைமுறை என்பதை மனுப் போடும் வாரத்தில் இந்தியத் தூதரகத்தின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்ப வேண்டாம்.

அடுத்து, வீட்டில் பெரியவர்கள் பயப்படும் விஷயம்: "ரெண்டு நாட்டுக் குடியுரிமை வெச்சிருக்கேன்னு நீல ஐசியப் புடுங்கிட்டா?" நீல ஐசி என்பது மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை, சிவப்பு ஐசி குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்கு. பயம் நியாயமானதுதான். மலேசிய அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றாலோ, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையைப் பயன்படுத்தினாலோ இங்குள்ள குடியுரிமையைப் பறிக்கலாம். ஓசிஐ, பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும், குடியுரிமை இல்லை. இந்தியாவே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அட்டையை வைத்து அங்கே ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசியல் சாசனப் பதவி கிடையாது, விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் போய்வரலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், வீடு வாங்கலாம், பெரும்பாலான வேலைகளைப் பார்க்கலாம். அவ்வளவுதான். பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மலையேற்றம், மதப் பிரசாரம் போன்றவற்றுக்கு 2021-லிருந்து தனி அனுமதி வேண்டும்.

இனி காகிதம். நம் பிறப்புப் பத்திரத்தில், பள்ளிக்கூடப் பாரத்தில், வேலை மனுவில் எல்லாம் "இந்தியா" அல்லது "இந்தியர்" என்று எழுதி எழுதியே வளர்ந்தவர்கள் நாம். அதே ஆள் இந்தியக் கவுண்டரில் போய் நின்றால், "உங்கள் முன்னோர் இந்தியாவில் பிறந்தார் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்கிறார்கள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வியில் தவறில்லை. இனக் கட்டத்தில் இருப்பது இங்கே நம்மை எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்ற கணக்கு. பிறந்த ஊர் அதில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் குமாஸ்தா வேலைக்கும் வந்த குடும்பத்தின் பத்திரத்திலும் "தமிழ்" என்று இருக்கலாம். அவர்களின் வேர் இலங்கையில், இந்தச் சட்டத்தின் கீழ் வராது. கல்யாணம் கலந்த குடும்பங்களில் எந்தக் கிளை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. பூர்வீகம் என்றாலே நம் வழக்கத்தில் அப்பாவின் அப்பாவின் ஊர். கல்யாணப் பத்திரிகையில், கருமாதியில், குலதெய்வ வழிபாட்டில் எல்லாம் அப்படித்தான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நால்வர், கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேர். இந்தப் பதினான்கு பேரில் யாராவது ஒருவர் போதும். அம்மாவின் அம்மா என்றாலும் சரி. எனவே ஒரு தாளை எடுத்துப் பதினான்கு பெயரையும் எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டே விவரம் குறியுங்கள்: எங்கே பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார். இந்தியாவில் பிறந்தவர்களில் கடைசியாக இறந்தவர் யாரோ, அவரை வைத்துத்தான் மனுப் போட வேண்டும். அதிக காலம் இருந்தவருக்குத்தான் அதிகக் காகிதம் இருக்கும். பல வீடுகளில் அது ஒரு பாட்டியாகத்தான் இருக்கும். ஆண்கள் மெர்டேக்காவை (மலாயா விடுதலையை) ஒட்டி மனுப் போட்டு நீல ஐசி வாங்கியிருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் பலர் சாகும்வரை சிவப்பு ஐசியோடு, நிரந்தரவாசியாகவே இருந்துவிட்டார்கள். அன்றைக்கு அது அவமானம், கிளினிக்கில் கூடுதல் காசு. இன்றைக்கு அந்தச் சிவப்பு அட்டைதான் பேரப்பிள்ளைக்கு நல்ல சான்று.

ஐசி எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 1990-க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். இந்தியா என்றால் 75. இலங்கை என்றால் 78. பாட்டியின் எண்ணின் நடுவில் 75 இருந்தால் பாதித் தேடல் முடிந்தது. ஆனால் எண் மட்டும் சான்றாகாது. பாட்டியின் இறப்புப் பத்திரம், உங்கள் உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரங்கள், உங்கள் ஐசி ஆகியவற்றோடு தேசியப் பதிவிலாகாவுக்கு (ஜேபிஎன்) போய், அவரது அடையாள அட்டைப் பதிவில் உள்ள பிறந்த இடத்தை உறுதிப்படுத்திக் கடிதம் கேளுங்கள். நான் அலைந்து தேடிய காகிதம் இதுதான். இன்னொன்று: வீட்டில் ஒருவர் இறந்தால் இறப்பைப் பதியும்போது ஐசியைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து, முடிந்தால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் அசலோடு ஒப்பிட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். துக்க வீட்டில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

சிவப்பு ஐசி இல்லாவிட்டால் அடுத்துத் தேட வேண்டியவை, பலம் உள்ள வரிசையில் சொல்கிறேன். இந்தியத் தூதரகம் 1950-க்குப் பிறகு கொடுத்த பாஸ்போர்ட் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். அடுத்து பிரிட்டிஷ் இந்தியப் பாஸ்போர்ட். அதில் பிறந்த ஊரும் மாவட்டமும் இருக்கும். விவரப் பக்கத்தை மட்டும் எடுக்காமல் புதுப்பித்த முத்திரை உள்ள பக்கங்களையும் நகல் எடுங்கள். மூன்றாவது, பதிவு மூலம் மலேசியக் குடியுரிமை பெற்றவருக்குக் கொடுத்த சான்றிதழ். இதிலும் பிறந்த இடம் இருக்கும். பலர் இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள், வீடு மாறும்போது சாமிப் படங்களோடு பெட்டிக்குள் போயிருக்கும். நான்காவதுதான் தமிழ்நாட்டுப் பிறப்புப் பத்திரம். அதைத் தேடித்தான் எல்லாரும் முதலில் ஓடுகிறார்கள். கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்கு முன் வந்தவர்கள் என்றால் பிறந்தது அதற்கும் முன்பு. பிறப்புப் பதிவை நாடு முழுதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல்தான் வந்தது. அந்தக் காலத்துச் சேரியிலும் குடியானத் தெருவிலும் பிறந்த குழந்தையின் பெயரோடு பதிவு கிடைப்பது அபூர்வம்.

காகிதம் கிடைத்தாலும் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். உங்கள் பிறப்புப் பத்திரம் அம்மாவைக் காட்ட வேண்டும், அம்மாவின் பத்திரம் பாட்டியைக் காட்ட வேண்டும், பாட்டியின் பெயர் அவருடைய ஐசியோடு பொருந்த வேண்டும். பொருந்தாது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயரை எழுதியது டிரெசரோ (தோட்ட மருத்துவ உதவியாளர்) கிராணியோ (கணக்கர்). காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனியாண்டி ஒரு தாளில் முனியன், இன்னொன்றில் முனுசாமி. அஞ்சலை என்ற பெயருக்கு ஒரே குடும்பத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, ஒவ்வொரு தலைமுறையிலும் கடைசிப் பெயர் மாறும். சென்னையிலோ டில்லியிலோ கோப்பைப் பார்ப்பவருக்கு இது விளங்காது. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படியான சத்தியப் பிரமாணம் ஒன்று எழுதி, "இன்ன பத்திரத்தில் உள்ள இன்னாரும், இன்ன ஐசியில் உள்ள இன்னாரும் ஒருவரே" என்று ஒவ்வொரு ஜோடிக்கும் பத்திர எண்ணோடு சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்று ஒரு வரி எழுதினால் திரும்பி வரும். என் கோப்பு ஒருமுறை திரும்பியதே இதனால்தான். பிரமாணத்தைப் பாட்டியை நேரில் அறிந்த மூத்த உறவு செய்தால் கனம் கூடும். பெரியம்மா, மாமா யாராவது நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

1942-லிருந்து 1945 வரை ஜப்பான்காரன் காலம். அப்போது பிறந்தவர்கள் பலருக்குப் பதிவு தாமதம், அல்லது கிடையாது. சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்து ஆண்கள் திரும்பி வராதபோது இறப்புப் பத்திரமும் கிடையாது. அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். பதினான்கு பேரில் வேறு ஒருவரைப் பாருங்கள். மனம் கேட்காது, தெரியும். சயாமில் போனவர்தான் குடும்பத்தின் கதை. ஆனால் கவுண்டரில் கதை செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் ஊரைத் தேடுங்கள். அதற்கும் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரும்புப் பெட்டியில் பழைய மணியார்டர் ரசீது, நீல நிற வான்கடிதம் இருந்தால் அதில் கிராமம், தபால் நிலையம், தாலுகா எல்லாம் வரிசையாக இருக்கும். பெரியவர்கள் வாயால் சொல்லும் ஊர்ப்பெயரை விட இது நம்பகமானது. புதூர், நல்லூர், பாளையம் என்று ஒரே பெயரில் எத்தனையோ ஊர். தபால் நிலையப் பெயர் இல்லாமல் அவற்றைப் பிரிக்க முடியாது. குலதெய்வமும் திசை காட்டும். அண்ணன்மார் சாமி என்றால் கொங்குப் பக்கமோ மணப்பாறை வீரப்பூர் வட்டாரமோ, பச்சையம்மன் மன்னார்சாமி என்றால் ஆற்காடு மாவட்டங்கள், சுடலைமாடன் என்றால் திருநெல்வேலிச் சீமை. மாரியம்மனும் மதுரைவீரனும் எங்கும் இருப்பதால் உதவாது. பழைய தமிழ் நாளிதழ்களின் மரண அறிவித்தலில் "இன்ன ஊரைப் பூர்வீகமாகக் கொண்டவர்" என்று போடும் வழக்கம் உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. பொறுமை இருந்தால் புரட்டலாம்.

பழைய தாளில் உள்ள மாவட்டம் இப்போது இருக்காது. வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, தென் ஆற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் ஆனது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991-இல் பிரிந்து, அதிலிருந்து திருவாரூரும் மயிலாடுதுறையும் வந்தன. சேலம் என்று எழுதியிருந்தால் இன்றைக்கு அது தர்மபுரியாகவோ நாமக்கல்லாகவோ இருக்கலாம். நாகப்பட்டினம் என்று மட்டும் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஆவடி, நாகப்பட்டினம் இரண்டும் தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முகாம் இருந்த இடங்கள். ஏறிய துறைமுகத்தைச் சொந்த ஊர் என்று எழுதிவிட்ட தாள்கள் உண்டு.

ஊருக்குப் போனால் கிராம நிர்வாக அலுவலரை, அதாவது விஏஓவை, முதலில் பாருங்கள். கையில் பெயர்ப் பட்டியலும் அங்கே மிஞ்சியிருக்கும் பங்காளிகளின் பெயரும் இருக்கட்டும். நிலம் இருந்த குடும்பம் என்றால் 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் பழைய பட்டாதாரர் பெயர்கள் பல மாறிப்போயின. பழைய பத்திரங்களுக்கு வில்லங்கச் சான்று இணையத்தில் ஓரளவுக்குத்தான் கிடைக்கும், அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறையாகத் தேட வேண்டும். நிலமே இல்லாத குடும்பம் என்றால், நம்மில் அதிகம் பேர் அப்படித்தான், இந்த வழியில் ஒன்றும் கிடைக்காது. போகாதீர்கள். பங்காளி வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போவது என்றால் போங்கள், அது வேறு கணக்கு. "1912-இல் பிறந்தவருக்குப் புதுப் பிறப்புச் சான்று எடுத்துத் தருகிறேன்" என்பவர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். பொய்க் காகிதத்தால் கிடைத்த பதிவை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய 7டி பிரிவு இடம் கொடுக்கிறது. ரத்தானால் பிறகு விசா வாங்குவதே பாடு.

மனுப் போடுவது இதையெல்லாம் ஒப்பிட்டால் சுலபம். இணையத்தில் இரண்டு பகுதியாக நிரப்ப வேண்டும். முதல் பகுதி முடிந்ததும் வரும் எண்ணை எழுதி வைத்துக்கொண்டால் இரண்டாம் பகுதியைப் பிறகு தொடரலாம். படம் சதுரமாக, இரண்டுக்கு இரண்டு அங்குலம். பின்னணி வெளிர் நிறமாக இருக்க வேண்டும், வெள்ளை கூடாது. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைக் கொண்டுபோனால் திருப்புவார்கள். கையெழுத்துப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. பெயரை ஐசியில் உள்ளபடி எழுதாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இடுங்கள். எ/எல், எ/பி (இன்னாரின் மகன், மகள்) குறியை எப்படி இடுவது என்று விண்ணப்ப மையத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். மலாய் மொழிப் பத்திரங்களுக்கு அங்கீகாரம் பெற்றவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் போக்கில் விட்டால் நான்காவதாக ஒரு எழுத்துக்கூட்டல் முளைக்கும். கோப்பின் முதல் பக்கத்தில் சங்கிலியை ஒரே பக்கக் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எந்தப் பக்கத்தில் சான்று இருக்கிறது என்று எண் போட்டுவிடுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் பரிசீலிப்பவருக்கு வேலை மிச்சம்.

அட்டை வந்த பிறகு: பயணத்தில் மலேசியப் பாஸ்போர்ட்டும் அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். 20 வயதுக்கு முன் அட்டை எடுத்தவர், 20 ஆன பிறகு பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அட்டையை ஒருமுறை மாற்ற வேண்டும். மற்றபடி 20 வயது வரை பாஸ்போர்ட் மாறும் ஒவ்வொரு முறையும், 50 வயதுக்குப் பின் ஒருமுறையும் புதிய பாஸ்போர்ட்டின் நகலையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கையில் இன்னும் பழைய பிஐஓ (இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும், 2015 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ஓசிஐயோடு சேர்த்துவிட்டார்கள். உங்கள் கோப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து குடும்பத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். அதே பாட்டியின் மற்றப் பேரப்பிள்ளைகள் மனுப் போடும்போது உங்கள் அட்டையின் நகலை இணைத்து, அவரவர் பிறப்புப் பத்திரத்தையும், பெற்றோர் வேறு என்றால் அவருடைய பத்திரத்தையும் மட்டும் சங்கிலியில் மாற்றிக்கொள்ளலாம். ஜேபிஎன் கடிதத்தின் அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், சான்றொப்பமிட்ட நகல் கொடுங்கள்.